ஷீட் துண்டு கிரஷருக்குள் போகும் முன்

மாதவரம் பக்கம் கட்டட இடிபாட்டை அரைத்து ஜல்லியும் மணலுமாக ஆக்கும் ஒரு யார்டில், வாசலில் நிற்பது என் வேலை. லாரிக்காரர்கள் என்னை ‘லென்ஸ் அக்கா’ என்று கூப்பிடுகிறார்கள். கழுத்தில் தாலிச் சரட்டோடு நகைக்கடை லென்ஸ் ஒன்றும் தொங்குவதுதான் காரணம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் அந்த லென்ஸை சௌகார்பேட்டையில் வாங்கினேன். தங்கம் பார்க்க அல்ல, சிமெண்ட் ஷீட்டின் உடைந்த விளிம்பைப் பார்க்க.

எங்கள் தொழிலில் இடிபாட்டுக்கு ‘ரப்பிஷ்’ என்று பெயர். அதில் செங்கல் வரும், காரை வரும், கண்ணாடி போன சாமி படம் வரும். ஒருமுறை முழு அம்மிக்கல்லே வந்தது; இப்போது எங்கள் சமையல்காரம்மாவிடம் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் நான் கையை உயர்த்துவதில்லை. ஆறு மில்லிமீட்டர் கனத்தில், சாம்பல் நிறத்தில், லேசாக வளைந்த துண்டு ஒன்று கண்ணில் பட்டால் லாரி அங்கேயே நிற்க வேண்டும். அது கல்நார் கலந்த ஷீட். ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் என்றும் சொல்வார்கள், சிமெண்ட் ஷீட் என்றும் சொல்வார்கள்.

அந்த ஷீட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கல்நார், மற்றது சிமெண்ட். சிமெண்ட் பிடித்துவைத்திருக்கும்வரை நார் பெரும்பாலும் வெளியே வராது. கூரையில் சும்மா கிடக்கும் நல்ல ஷீட்டைப் பார்த்து இன்றிரவே வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் எங்கள் கிரஷரின் வேலையே சிமெண்ட்டின் பிடியை உடைப்பதுதான். கல்நார் இழை நீளவாக்கில் பிளந்து பிளந்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்து, காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். நுரையீரலுக்குள் போனதை உடலால் கரைக்க முடியாது. நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் ஆகியவை இதனால் வருகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் முதல் பட்டியலில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. நோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள்வரை ஆகும். ஒரு மேஸ்திரி என்னிடம், “இருபது வருடமாக வெறும் கையால்தான் இறக்குகிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது?” என்று கேட்டார். “இருபது வருடம்தானே ஆகிறது, அண்ணே” என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை.

யார்டில் இருக்கும் எந்த இயந்திரமும் ஷீட் துண்டைப் பிடிக்காது. இரும்பைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கையும் தெர்மாகோலையும் காற்று ஊதித் தள்ளும். மரம் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும். ஷீட் துண்டோ சிமெண்ட் காரையின் நிறம், ஏறக்குறைய காரையின் எடை. காரையோடு காரையாகப் போய்விடும். அரைத்த பிறகு சல்லடையாலும் பிரிக்க முடியாது. ஆகவே இதில் செய்ய வேண்டியது எல்லாம் கிரஷரின் வாய்க்கு முன்னால்தான்.

எனக்கு இது சொல்லிக்கொடுத்து வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், அயனாவரத்தில் இடித்த ஒரு வீட்டின் லோடு வந்தது. மேலாகப் பார்த்தேன், செங்கலும் காரையும். போகலாம் என்று கையைக் காட்டினேன். மறுநாள் காலை, அரைத்த ஜல்லிக் குவியலின் ஓரத்தில் ஒரு சில்லு கிடந்தது. கட்டைவிரல் அளவுதான். ஒரு பக்கம் பாதி ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். கூரையில் ஷீட்டைப் பிடிக்கும் ஜே போல்ட்டின் ஓட்டையில் மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்கத் தார் வாஷர் வைப்பார்கள். அந்த வாஷரின் தடம் அது. செங்கலுக்கு யாரும் தார் வாஷர் போடுவதில்லை.

மூன்று நாள் லோடுகளை ஒரே குவியலாகக் கொட்டியிருந்தோம். எது அயனாவரம், எது பெரம்பூர் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. 130 டன்னுக்கு மேல் தார்ப்பாய் போட்டு மூடினோம். அதற்குள் இரண்டு டிப்பர் ஒரு பள்ளியின் நடைபாதைக்கு அடியில் போடப் போய்விட்டது. அதையும் வாரிக்கொண்டு வந்தோம். முதலாளி என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

மொட்டை மாடியில் தொடங்குங்கள்

வீட்டை இடிக்கப் போகிறீர்கள் என்றால் ஜேசிபி வருவதற்கு ஒரு வாரம் முன்பே கையில் நோட்டோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். சென்னையின் பழைய வீடுகளில் முதல் கூரை மெட்ராஸ் டெரஸாக இருக்கும். சுண்ணாம்பும் சின்னச் செங்கல்லும், அதில் பயம் இல்லை. பிற்பாடு ஒட்டுப்போட்டவைதான் வில்லங்கம். மொட்டை மாடியில் வாடகைக்கு விட எழுப்பிய அறை, பின்பக்கத்துக் குளியலறை, கார் நிறுத்தும் சாய்ப்பு, படிக்கட்டின் மேல் நீட்டிய சிறு கூரை. இவற்றைப் பார்க்காமல் யாரும் விடுவதில்லை. மழைநீர் இறங்கும் சாம்பல் நிறக் குழாய், கழிவறைத் தொட்டியின் காற்றுக் குழாய், அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் தொப்பி, பழைய சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி, பூமிக்கடியில் போன பழைய ஏசி குழாய், பொய்க்கூரையின் தட்டைப் பலகை ஆகியவற்றைத்தான் விட்டுவிடுகிறார்கள். இந்த ஏசி குளிர்சாதனம் அல்ல, ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்.

பிறகு தோட்டத்துக்குப் போங்கள். நம் மக்கள் உடைந்த ஷீட்டைத் தூக்கி எறிய மாட்டார்கள். செம்பருத்திப் பாத்திக்கு வரப்பாக நட்டிருப்பார்கள், சம்ப்பின் வாயை மூடியிருப்பார்கள், விறகின் மேல் போட்டிருப்பார்கள், பூந்தொட்டிக்கு அடியில் செருகியிருப்பார்கள். என் வாசலில் பிடிபட்ட துண்டுகளில் பாதிக்கு மேல் கூரையிலிருந்து வந்தவை அல்ல; இப்படி வரப்பாகவும் மூடியாகவும் இருந்தவை.

அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளின் பழைய கொட்டகை என்றால் கூரையோடு சுவரும் ஷீட்டாக இருக்கலாம். கொதிகலனையோ நீராவிக் குழாயையோ சுற்றிப் பஞ்சுபோல, கயிறுபோல எதையாவது பார்த்தால் தொடாமல் கதவைப் பூட்டிவிட்டு வெளியே வாருங்கள். அதில் நாரைப் பிடித்துவைக்கச் சிமெண்ட் இல்லை, கை பட்டாலே பறக்கும். அந்த வேலைக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். இங்கே நான் சொல்லும் எதுவும் அதற்குப் போதாது. பள்ளி வேதியியல் ஆய்வகத்தை இடித்தால், பர்னர் மேல் வைக்கும் கம்பி வலையின் நடுவே இருக்கும் வெள்ளை வட்டத்தையும் சந்தேகியுங்கள்.

ஷீட் எது என்று எப்படித் தெரியும்? நெளிந்த ஷீட்டின் மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு 146 மில்லிமீட்டர், பள்ளத்தின் ஆழம் 48 மில்லிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவான அலை. முதுகில் அச்சு அழியாமல் ஐ.எஸ். 459 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். அது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டுக்கான இந்தியத் தர எண். கல்நார் இல்லாத நார் சிமெண்ட் ஷீட்டும் சந்தையில் உண்டு, பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி.

லென்ஸ் பார்க்கும் முறையையும் சொல்கிறேன். பார்ப்பதற்காக உடைக்காதீர்கள். ஏற்கெனவே உடைந்த விளிம்பைத் தண்ணீரால் நன்றாக நனைத்து, வெயில் சாய்வாக விழும்படி நிறுத்திப் பாருங்கள். நனைந்த சாம்பலில் வெள்ளைப் பிசிறு தெரியும். தனித்தனி மயிராக அல்ல. வாழைநாரைக் கிழித்த இடத்தில் நிற்பதுபோலக் கற்றையாக, நுனி பிரிந்து, மென்மையாக. ஒரே கனத்தில் பளபளப்பான ஒற்றை இழைகள் தெரிந்தால் அது செயற்கை நாராக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். லென்ஸால் சந்தேகத்தைக் கூட்ட முடியும், தீர்க்க முடியாது. தீர்க்க வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் முனைவாக்கிய ஒளி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதற்குப் பணமோ நேரமோ இல்லாவிட்டால் கல்நார் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அப்படி வைத்துக்கொண்டதால் யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை.

எண்ணுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். வாசலுக்கு வரும் முன் நான் பதினோரு வருடம் ஒரு மாவு மில்லில் கணக்கு எழுதினேன். கணக்கு எழுதியவளுக்குத் தெரியும், எண்ணாத சரக்கு காணாமல் போகும்.

கூரையில் எத்தனை ஷீட், ஒவ்வொன்றும் எத்தனை அடி என்று இடிக்கும் முன் எழுதுங்கள். மூன்று மீட்டர் ஷீட் ஒன்று சுமார் 40 கிலோ இருக்கும், இரண்டு மீட்டர் என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கு. வேலை முடிந்ததும் முழு ஷீட்டை எண்ணுங்கள், உடைந்த துண்டுகள் கட்டிய மூட்டையை எடை போடுங்கள். கூரையில் மூன்று மீட்டர் ஷீட் 42 இருந்தது, கீழே முழுசாக 36 இறங்கியது என்றால் மூட்டைகள் 240 கிலோவை ஒட்டி வர வேண்டும். 90 கிலோதான் வந்தது என்றால் மீதி 150 கிலோ எங்கே என்று கேளுங்கள். அது ரப்பிஷில் இருக்கிறது. நாளைக் காலை என் வாசலுக்கு வரும், அல்லது என்னைப் போல யாரும் நிற்காத வாசலுக்குப் போகும்.

இந்தக் கசிவுக்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல, விலைதான். பழைய முழு ஷீட்டுக்கு வாங்க ஆள் உண்டு, அதனால் இடிப்பவர் அதைக் குழந்தையைப் போல இறக்குவார். உடைந்ததற்கு விலை இல்லை, அது காலடியில் கிடக்கும், ஜேசிபி சக்கரம் ஏறும், மண்ணோடு வாரப்படும். எனவே ஒப்பந்தம் பேசும்போதே உடைந்த துண்டுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று தனிக் கூலி பேசுங்கள். வேறு எந்த அறிவுரையையும் விட இது வேலை செய்கிறது. முழு ஷீட்டை மறுபடி விற்பதும் எனக்கு உடன்பாடு இல்லை. வாங்கியவர் புதிதாகத் துளை போடுவார், ரம்பத்தால் அறுப்பார், தூசி அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. ‘இனாம்’ என்று சித்தாளுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள்.

இறக்குவது

ஷீட்டின் மேல் கால் வைக்காதீர்கள். கல்நாருக்கு முன்னால் இது கொல்லும். பாசி படிந்த பழைய ஷீட் ஆள் எடையைத் தாங்காமல் ‘சடக்’கென்று போகும், விழுந்தவர் எழுவதில்லை. அடியில் சாரம் கட்டி நின்று கழற்றுங்கள். மேலே ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் குறுக்குச் சட்டங்களின் மேல் பலகை போட்டு, இடுப்புக் கயிறு கட்டி ஏறுங்கள்.

காலையில் சீக்கிரம் தொடங்குங்கள். சித்திரை, வைகாசியில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்பிவிட்டால் தூசி தெரு முழுக்கப் போகும். முதலில் நனையுங்கள். பூச்சி மருந்து அடிக்கும் கைத்தெளிப்பானில் தண்ணீரும் பாத்திரம் துலக்கும் திரவம் சில துளியும் போதும். சோப்பு சேர்ந்தால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடாமல் ஊறும். கார் கழுவும் அழுத்தக் குழாயால் அடிக்காதீர்கள், அது மேற்பரப்பையே சீவிக்கொண்டு போகும். துருப்பிடித்த ஜே போல்ட்டைக் கிரைண்டரால் அறுக்காமல் போல்ட் வெட்டும் கத்தரியால் வெட்டுங்கள். ஷீட்டைக் கயிற்றில் இறக்குங்கள், மேலிருந்து போடாதீர்கள். சம்மட்டிக்கு இந்த வேலையில் இடமே இல்லை.

முகத்தில் துண்டு கட்டுவது பயனற்றது. இழை அதற்குள் தாராளமாகப் போகும். ஐ.எஸ். 9473 தரத்தில் எஃப்.எஃப்.பி. 3 என்று குறித்த முகக்கவசம் வாங்குங்கள். மீசை தாடி இருந்தால் முகத்தோடு பொருந்தாது, மழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் யார்டில் ஒருவர் மீசைக்காகவே இந்த வேலை வேண்டாம் என்றார். சரி, அவர் லாரி ஓட்டட்டும்.

வேலை உடுப்பு வீட்டுக்குப் போகக்கூடாது. இதை நான் பெண்களிடம்தான் அழுத்திச் சொல்வேன். கணவரின் தூசி படிந்த சட்டையை உதறித் துவைத்த மனைவியருக்கு மீசோதீலியோமா வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. தொழிற்சாலைக்குள் அவர்கள் கால் வைத்ததே இல்லை.

இறக்கிய ஷீட்டை 200 மைக்ரான் பாலிதீனில் இரண்டு சுற்று சுற்றி, நாடா ஒட்டி, மேலே பெரிதாகக் ‘கல்நார், உடைக்காதே’ என்று எழுதுங்கள். துண்டுகளை இரட்டைப் பையில் கட்டுங்கள். தரையை விளக்குமாறு கொண்டு பெருக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்துத் துணியையும் அந்தப் பையிலேயே போடுங்கள். இவையெல்லாம் ரப்பிஷ் டிப்பரில் போகக்கூடாது, தனி வண்டி.

வாசலில்

இனி யார்டுக்காரர்களுக்கு. லாரி எடைமேடையில் நிற்கும்போதே மேலிருந்து பார்க்க ஒரு மேடை கட்டுங்கள். எங்களுடையது பழைய தண்ணீர்த் தொட்டியின் தாங்கி. அங்கிருந்தே ஓட்டுநரிடம் எந்தத் தெரு, வீடா கொட்டகையா, மொட்டை மாடியில் என்ன கூரை இருந்தது, அந்தக் கூரை எங்கே போனது என்று கேட்பேன். கடைசிக் கேள்விக்குத்தான் எல்லோரும் தலையைச் சொறிவார்கள். “ஷீட்டெல்லாம் இல்லை அக்கா” என்று நான் கேட்கும் முன்பே சொல்பவரின் லோடை இரண்டு முறை பார்ப்பேன்.

மேலாகப் பார்த்தது பார்த்ததாகாது. அயனாவரத்து லோடில் துண்டு அடியில்தான் இருந்தது. ஷீட் முதலில் விழும், அதன் மேல் சுவர் விழும், வாரும்போது அடிக்கு அடியாகவே வரும். ஆகவே ஒவ்வொரு லோடையும் தனியாகக் கான்கிரீட் தரையில் கொட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து, முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். ஒருவர் நடந்து பார்க்கட்டும். பிறகு ஜேசிபி பக்கெட்டால் புரட்டிப் போட்டு இன்னொருவர் எதிர்த் திசையிலிருந்து பார்க்கட்டும். ஒரே ஆள் இரண்டு முறை பார்த்தால் இரண்டாம் முறை தான் முதலில் பார்த்ததைத்தான் பார்ப்பார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வாசலில் ஒருமுறை, பரப்பி ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதை 2019 முதல் விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

நனைத்துப் பார்ப்பதில் இன்னொரு லாபம். காய்ந்த ரப்பிஷில் எல்லாமே ஒரே சாம்பல். தண்ணீர் பட்டதும் செங்கல் சிவக்கும், சுண்ணாம்புக் காரை வெளுப்பாகவே நிற்கும், கான்கிரீட்டில் ஜல்லி முகம் காட்டும். ஷீட் மட்டும் ஈரத்தைக் குடித்து, ஜல்லியே இல்லாத வழுவழுப்பான கரும் சாம்பலாகத் தட்டையாகக் கிடக்கும். கண் ஒருமுறை பழகிவிட்டால் இருபது அடி தள்ளி நின்றே சொல்லலாம். எங்கள் கண்காட்சிப் பலகையில் உண்மைத் துண்டுகளை மூடிய பாட்டிலில் போட்டு ஒட்டியிருக்கிறேன்: அலைத் துண்டு, முகட்டுத் துண்டு, குழாய்ச் சில்லு, தார் வளையத்தோடு ஓர் ஓட்டை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் புத்தகத்தை விட இது உதவும்.

பிடிபட்டால் என்ன செய்வது? பெரும்பாலான யார்டுகள் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. கேட்க நியாயமாக இருக்கும், எனக்கு அது பிடிக்கவில்லை. திரும்பிய லாரி வீட்டுக்குப் போவதில்லை. இரவில் ஏதாவது ஏரிக்கரையிலோ பைபாஸ் ஓரத்திலோ கவிழும். நாங்கள் லோடை வாங்கிக்கொண்டு, மூடிவைத்து, செலவை அனுப்பியவரின் கணக்கில் எழுதுகிறோம். முதல் முறை கூச்சல் போடுவார்கள். இரண்டாம் முறை ஷீட்டைத் தனியாகக் கட்டிக் கொண்டுவருவார்கள். துண்டை மட்டும் பொறுக்கிவிட்டு மீதியை அரைக்கலாமே என்று கேட்கிறார்கள். பொறுக்கியது பெரியது, பொறுக்காதது பொடி. அந்த லோடு முழுவதும் கல்நார்தான்.

மூடிவைத்ததைக் காலமெல்லாம் வைத்திருக்க முடியாது. கைவிடப்பட்ட கல்நார், 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் அட்டவணையில் இருக்கிறது; அந்த விதிகளின்படி சேமித்துவைக்கும் காலம் பொதுவாக 90 நாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அபாயகரக் கழிவைப் புதைக்கும் பொது நிலையம் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் முன்பே இருக்க வேண்டும், கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் 10ஆம் எண் படிவம் வண்டியோடு போக வேண்டும். ஷீட் கிடைத்த பிறகு இதற்கு அலைந்தால் 90 நாள் பறந்துவிடும்; யார்டு திறக்கும் முன்பே முடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பவர்களுக்கு: கட்டட இடிபாட்டு விதிகள் 2016இல் வந்தன. நாளுக்கு 20 டன், அல்லது ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன் என்ற அளவுக்கு மேல் இடிப்பவர்தான் கழிவைத் தனித்தனியாகப் பிரித்து, திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றன. 2025இல் வந்த புதிய விதிகளின் முக்கியப் பொறுப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானங்களுக்கு. எனக்கு வரும் லோடுகளோ அரை கிரவுண்டு, கால் கிரவுண்டு வீடுகள். அந்த மொட்டை மாடிக்கு எந்த அதிகாரியும் ஏறப்போவதில்லை. புதிய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் விற்க இந்தியாவில் இன்னும் தடையும் இல்லை. இன்று மாட்டுவதை இன்னொருத்தி முப்பது வருடம் கழித்து வாசலில் நின்று பொறுக்குவாள்.

குவியலும் பரிசோதனையும்

அயனாவரத்து லோடு கற்பித்த பாடத்துக்குப் பிறகு 50 டன்னுக்கு ஒரு குவியல் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எந்தெந்த லோடு அதில் சேர்ந்தது என்று எழுதிவைக்கிறோம். பரிசோதனை முடிவு வரும்வரை விற்பனை இல்லை. பெல்ட்டில் கடைசியாக ஒரு துண்டு கண்ணில் பட்டால் அதை எடுத்துவிட்டுத் தொடராமல் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தக் குவியல் முழுவதும் மூடப்படும். பொத்தானை அழுத்தியதற்காக யாரும் திட்டு வாங்கக்கூடாது. தவறாக அழுத்தினாலும்.

எவ்வளவு இருந்தால் அதிகம்? மேற்கு ஆஸ்திரேலியாவில் மறுசுழற்சி ஜல்லிக்கு வைத்திருக்கும் எல்லை எடையில் 0.001 சதவீதம். அதைத்தான் நான் கடன் வாங்கியிருக்கிறேன். ஒரு டன்னில் 10 கிராம் நார். ஷீட்டில் பத்தில் ஒரு பங்குதான் நார் என்பதால் 100 கிராம் ஷீட், அதாவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலத் துண்டு. ஒரு டன் ரப்பிஷில் ஓர் உள்ளங்கை போனாலே எல்லை முடிந்தது. இந்தக் கணக்கைப் பலகையில் சுண்ணாம்பால் எழுதி, பக்கத்தில் என் கையை வைத்து வரைந்திருக்கிறேன்.

மரக்கழிவிலும் இதே கதைதான். சிட்னியில் ரோசெல் பூங்காவில் 2024 ஜனவரியில், செடிகளுக்கு அடியில் பரப்பியிருந்த மறுசுழற்சி மரத்தூளில் கல்நார்த் துண்டு கிடந்தது. தேடத் தேடப் பள்ளி, மருத்துவமனை என்று பல இடங்களில் கிடைத்தது. கல்நாரை 2003ஆம் ஆண்டின் கடைசி நாளோடு முழுக்கத் தடைசெய்த நாடு அது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்த மறுநாள் காலையை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் விழுந்த தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகளுக்கு நடுவே மூன்று வீட்டு ஷீட்டுகள் நொறுங்கிக் கிடந்தன. இரண்டையும் ஒரே லாரியில்தான் வாரினார்கள். புயலுக்குப் பிறகு வரும் மரக்கழிவைத் துகளாக்கும் இயந்திரத்தில் போடும் முன், கீழே விரித்து உதறிப் பாருங்கள்.

வாங்குபவர்கள்: மறுசுழற்சி ஜல்லி மலிவு என்று கண்ணை மூடி வாங்காதீர்கள், மலிவு என்பதற்காகப் பயந்து ஒதுக்கவும் வேண்டாம். ஐ.எஸ். 383 தரம், எம்25 என்ற வலிமை வகை வரையிலான இரும்புக் கம்பி கான்கிரீட்டிலேயே 20 சதவீதம்வரை மறுசுழற்சிக் கான்கிரீட் ஜல்லி சேர்க்க இடம் தருகிறது. விற்பவரிடம் குவியல் எண்ணும் பரிசோதனைச் சீட்டும் கேளுங்கள். ‘எங்களிடம் அந்தப் பிரச்சினையே வராது’ என்றால் அடுத்த யார்டுக்குப் போங்கள். எல்லோரிடமும் வருகிறது.

ஏற்கெனவே கொட்டிப் பரப்பிய இடத்தில் துண்டு தெரிந்தால் தோண்டாதீர்கள், பெருக்காதீர்கள், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். அந்த இடத்தை நனைத்து, பாலிதீன் விரித்து, ஓரங்களில் செங்கல் வைத்து, கயிறு கட்டுங்கள். பிறகு சரக்கு வாங்கிய இடத்துக்குப் போன் செய்யுங்கள். எங்களிடம் வாங்கியது என்றால் ரசீதின் வலது மூலையில் பச்சை மையில் குவியல் எண் இருக்கும். முதலில் அதைச் சொல்லுங்கள்.